பிள்ளைகளும் விரும்பி உண்ணும் ஓண விருந்து: குமரி மாவட்ட வீடுகளுக்கான கேள்வி பதில்

விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாக, அப்போது சென்னை மாநிலம் என்று அழைக்கப்பட்ட தமிழ்நாட்டுடன் இணைந்த பிறகும், இங்குள்ள பல தமிழ் வீடுகளில் ஓணம் ஆண்டின் பெரிய விருந்து நாளாகவே இருந்து வருகிறது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் வந்திறங்கும் பேரப்பிள்ளைகள், இலையின் முன் அமர்ந்து பப்படத்தை மட்டும் தின்றுவிட்டு எழுந்து போவதைப் பார்த்து மனம் வருந்தாத பாட்டிமார் குறைவு. பத்து நாள் ஓணக் கொண்டாட்டத்தின் முதல் நாளான அத்தம் பிறந்ததும் வீடுகளில் எழத் தொடங்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது.

பிள்ளைகளுக்கென்று தனியாக ஏதாவது சமைக்க வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நூடுல்ஸோ பொரித்த கோழியோ தனித்தட்டில் வந்துவிட்டால், இலையில் இருப்பது பெரியவர்களின் சாப்பாடு என்று பிள்ளை அன்றே முடிவு செய்துவிடும். அந்த எண்ணத்தைப் பிறகு மாற்றுவது எளிதன்று. இனிப்பு, மொறுமொறுப்பு, நெய்மணம், தேங்காய்ப் பாலின் குழைவு என்று பிள்ளைகள் நாடும் எல்லாமே நம் ஓண இலையில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே சமையலை மாற்றத் தேவையில்லை. காரத்தை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது, எந்த நேரத்தில் விளம்புவது (பரிமாறுவது), எவ்வளவு விளம்புவது என்பவற்றை மட்டும் பிள்ளைகளை மனத்தில் வைத்துத் திட்டமிட்டால் போதும்.

இருபத்தாறு கறி இருந்தால்தான் ஓண விருந்தா?

இருபத்தாறு என்ற கணக்கு ஊரில் பரவலாகச் சொல்லப்படுவதுதான். ஆனால் உப்பையும் பழத்தையும் தண்ணீரையும் கூடச் சேர்த்து அந்த எண்ணைத் தொடும் வீடுகளும் உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டில் பருப்பு, சாம்பார், அவியல், ஓலன், எரிசேரி, துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்), அன்னாசிப் பச்சடி, புளிசேரி, ரசம், மோர் ஆகியவற்றோடு உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்), சர்க்கரை வரட்டி (வெல்லப்பாகில் புரட்டிய நேந்திரங்காய்த் துண்டு), பப்படம், பழம், ஒரு பாயசம், பெரியவர்களுக்கு இஞ்சிக்கறியும் ஊறுகாயும் இருந்தால் இலை நிறைந்துவிடும். இதற்கு மேல் ஒவ்வொரு கறியைக் கூட்டும்போதும் சமைப்பவருக்கு ஒரு மணி நேர வேலை கூடுகிறது; பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆளில்லாமல் போகிறது.

காரத்தைக் குறைத்தால் பெரியவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடாதா?

எந்தக் கறியில் காரம் எந்தக் கட்டத்தில் சேர்கிறது என்று பார்த்துவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஓலனில் காரம் மிகக் குறைவு: தடியங்காயும் (வெண்பூசணி) தட்டைப்பயறும் வெந்து, தேங்காய்ப் பாலும் கறிவேப்பிலையும் பச்சைத் தேங்காயெண்ணெயும் சேர்ந்த கறி அது. அதில் இரண்டு பச்சைமிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டு, இறக்கும்போது எடுத்துவிட்டால் மணம் மட்டும் தங்கும். மத்தங்காய் (மஞ்சள் பூசணி) எரிசேரியின் சுவை காயின் இயல்பான இனிப்பிலும், கடைசியில் எண்ணெயில் சிவக்க வறுத்துக் கொட்டும் தேங்காய்த் துருவலிலும் இருப்பதால், அதில் மிளகாயைப் பாதியாக்கினாலும் குறை தெரியாது. ஏத்தன்பழத்திலோ (நேந்திரம்பழம்) அன்னாசியிலோ செய்யும் புளிசேரி இனிப்பும் புளிப்புமாக இருப்பதால் பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது. ஓணக் காலத்தில் மாம்பழப் பருவம் முடிந்திருக்கும் என்பதால் இந்த இரண்டுமே கைக்கு எட்டும் பழங்கள். தயிர் சேர்த்த பின் புளிசேரியைக் கொதிக்க விடாமல், ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்துத் திரிந்த புளிசேரியைப் பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்.

அவியலுக்கு அரைக்கும் தேங்காயில் சீரகத்தை மட்டும் வைத்து அரைத்து, பச்சைமிளகாயைத் தனியாக நசுக்கி வைத்துக்கொள்ளுங்கள். காய் வெந்து தேங்காயும் தயிரும் சேர்ந்தபின் பிள்ளைகளுக்கு வேண்டியதை ஒரு கிண்ணத்தில் எடுத்துவிட்டு, மீதமுள்ளதில் மிளகாயைச் சேர்த்து ஓர் ஆவி வரும்வரை மூடி வைத்தால் இரண்டு தலைமுறைக்கும் ஒரே அவியல் ஆகிவிடும். சாம்பாரிலும் மிளகாய்ப்பொடியைக் கடைசிக் கட்டத்துக்கு ஒதுக்கி இதே முறையைக் கையாளலாம். ஆனால் தீயலை இப்படிப் பிரிக்க முடியாது. தேங்காயோடு சேர்ந்தே வத்தல்மிளகாயும் கருக வறுபடுவதுதான் அதன் சுவைக்கு அடிப்படை என்பதால், தீயல் வைத்தால் அதைப் பெரியவர்களுக்கென்று விட்டுவிடுவதே நல்லது. இஞ்சிக்கறியும் அப்படித்தான்.

சேனையைப் பற்றி ஒரு சொல். அவியலில் சேனை சரியாக வேகாவிட்டால் அதிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட் ஊசித்துகள்கள் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளும் அந்த அரிப்பைப் பிள்ளைகள் வாயால் சொல்லத் தெரியாமல் அவியலையே ஒதுக்கிவிடுவார்கள். சேனையை மட்டும் மஞ்சளும் சிறிது புளியும் சேர்த்த தண்ணீரில் முன்னதாக நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு அவியலில் சேர்க்க வேண்டும்.

பிள்ளைகள் முதலில் எதைச் சாப்பிடுவார்கள்?

பருப்பு, நெய், பப்படம். சிறுபயற்றம்பருப்பை வறுத்துக் குழைய வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துச் சேர்த்து, சூடான சோற்றில் ஊற்றி நெய் விட்டு, ஒரு பப்படத்தை நொறுக்கிப் பிசைந்து கொடுத்தால் மறுக்கும் பிள்ளையை நான் கண்டதில்லை. முதல் சோறே இதுவாக அமைந்திருப்பது நம் விளம்பும் முறையின் பெரும் நன்மை. பசி மிகுந்திருக்கும் அந்த நேரத்தில் வயிற்றுக்குள் போவது பருப்பும் நெய்யும் சோறும். ஆகவே பிள்ளைகளின் பந்தியில் சாம்பாரை அவசரமாகக் கொண்டுவர வேண்டாம். இரண்டாம் முறையும் பருப்பு வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பிறகு சாம்பாருக்குப் போகலாம்.

விருந்தை எத்தனை மணிக்கு வைக்க வேண்டும்?

பிள்ளைகளின் முதல் பந்தி பகல் பன்னிரண்டு மணிக்குள் இலைக்கு வந்துவிட வேண்டும். அன்று அவர்கள் விடியற்காலையில் எழுந்து, தோவாளைச் சந்தையிலிருந்து வந்த பூவில் அத்தப்பூக்களம் இட்டு, ஊஞ்சலும் ஆடிக் களைத்திருப்பார்கள். பதினொன்றரை மணிக்குப் பசித்து அழும் பிள்ளையின் கையில் உப்பேரி டப்பாவைக் கொடுத்துவிட்டு, இரண்டு மணிக்கு இலை போட்டுச் சாப்பிடவில்லையே என்று கடிந்துகொள்வது நியாயமன்று. காலை உணவைப் புட்டும் பழமும் அல்லது இட்லி என்று எளிதாக எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். உப்பேரியும் சர்க்கரை வரட்டியும் இலையில்தான் வரும் என்று முதல் நாளே அன்பாகச் சொல்லி, டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

முதல் பந்தியில் பிள்ளைகளோடு வீட்டுப் பெரியவர்கள் இருவராவது உட்கார வேண்டும். தாத்தா எப்படிப் பிசைகிறார், ஆச்சி பழத்தைப் பாயசத்தில் எப்படி நசுக்கிச் சேர்க்கிறாள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தே பிள்ளை இலையில் சாப்பிடக் கற்கிறது. எல்லாப் பெரியவர்களும் விளம்புவதற்கு நின்றுகொண்டு பிள்ளைகளை மட்டும் வரிசையாக உட்கார வைக்கும் பழக்கத்தை, தயவுசெய்து, விட்டுவிடுங்கள்.

எந்தப் பாயசம் வைக்கலாம்? எப்போது கொடுக்கலாம்?

வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த அடைப்பிரதமன், சக்கையில் (பலாப்பழம்) செய்யும் சக்கைப்பிரதமன், பருப்புப் பாயசம், அடையைப் பாலில் வேகவைக்கும் பாலடை என்று வழிகள் பல. பிள்ளைகள் எளிதில் ஏற்பது பாலடை. வெல்லத்தின் கனத்த சுவையும் சுக்கின் காரமும் அதில் இல்லை. அடைப்பிரதமன் வைக்க விரும்பினால் சுக்குப்பொடியைப் பாதியாகக் குறைத்து ஏலக்காயை முன்னிறுத்துங்கள். ஓணக் காலத்தில் பழுத்த சக்கை கிடைப்பது அரிது என்பதால், கோடையில் கிண்டி வைத்த சக்கை வரட்டி இருந்தால் மட்டுமே சக்கைப்பிரதமனை நினைக்க வேண்டும்.

பதினைந்து பேருக்கு, அவர்களில் ஐந்து பேர் பிள்ளைகள் என்று கொண்டால், அடைப்பிரதமனுக்கு 300 கிராம் அரிசி அடை (அரிசிமாவை வேகவைத்து உலர்த்திய சிறு துண்டுகள்), 600 முதல் 700 கிராம் வெல்லம், 4 தேங்காய் போதுமானவை. வெல்லத்தைப் பாகாக்கி வடிகட்டி, வெந்த அடையை அதில் வரட்டி, இரண்டாம் தேங்காய்ப் பாலில் கொதித்துக் குறுகவிட்டு, அடுப்பை அணைத்த பின்பே முதலில் பிழிந்த கெட்டியான ஒன்றாம் பாலைச் சேர்க்க வேண்டும். ஒன்றாம் பால் கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். பிள்ளைகளின் நாக்குக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று நினைக்காதீர்கள். குழைவான பிரதமனை அவர்கள் விரலால் வழித்து உண்பார்கள்.

நம் பக்கத்தில் பாயசத்தைப் போளியோடு சேர்த்து உண்ணும் வழக்கம் திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் வேரூன்றியது. போளியை இலையில் பிய்த்துப்போட்டுப் பால் பாயசத்தை ஊற்றி ஊறவிட்டுக் கொடுப்பது பிள்ளைகளுக்குத் தனிக் கொண்டாட்டம். போளியை வீட்டில் செய்ய நேரமில்லாவிட்டால் கடையில் முன்கூட்டியே சொல்லி வாங்கலாம். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தில் இருந்தால் செயற்கை நிறம் சேர்க்கப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

இனிப்பை எப்போது தருவது என்பதில் என் கருத்து நம் வழக்கத்தோடு ஒத்தே போகிறது. சாம்பாருக்கும் புளிசேரிக்கும் பிறகு பாயசம், அதன் பின் ரசமும் மோரும் என்ற வரிசையில் இனிப்பு ஒரு பரிசாக இல்லாமல் விருந்தின் ஓர் அங்கமாகவே வருகிறது. “அவியலைத் தின்றால்தான் பாயசம்” என்று பேரம் பேசினால், அவியல் தண்டனை என்றும் பாயசம் கூலி என்றும் பிள்ளை விளங்கிக்கொள்கிறது. அவியலைத் தொடாத பிள்ளைக்கும் ஒரு சிறு கிண்ணம் பாயசம் உண்டு என்றே இருக்கட்டும். வெல்லம் என்பதால் அளவின்றிக் கொடுக்கலாம் என்ற எண்ணம் மட்டும் சரியன்று. வெல்லத்திலும் பெரும்பகுதி சர்க்கரையே. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அரைத் தம்ளர் போதும்.

என் பிள்ளை புதிய கறி எதையும் வாயில் வைப்பதில்லை. என்ன செய்வது?

ஓண நாளில் ஒன்றும் செய்ய வேண்டாம். அதற்கு முந்தைய வாரங்களில் செய்யுங்கள். ஒரு புதிய உணவைப் பிள்ளை ஏற்றுக்கொள்வதற்கு அது எட்டு, பத்து முறையோ அதற்கு மேலுமோ கண்ணிலும் நாக்கிலும் பட வேண்டியிருக்கிறது என்று குழந்தை உணவைப் பற்றிய ஆய்வுகள் பல காலமாகச் சொல்லி வருகின்றன. வெளியூரில் வளரும் பிள்ளை ஓலனையும் எரிசேரியையும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பார்த்தால், அந்தப் பழக்கம் உண்டாவதற்கு வழியே இல்லை. ஆகஸ்ட் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஓலன், மற்றொன்றில் புளிசேரி என்று சாதாரணச் சாப்பாட்டோடு சிறிதளவு வைத்துப் பழக்குங்கள். இதை வெளியூரில் இருக்கும் மகளிடமோ மருமகளிடமோ தொலைபேசியில் சொல்லி வைப்பது பாட்டிமாரின் கையில் இருக்கிறது.

விருந்து நாளில் ஒவ்வொரு கறியையும் நெல்லிக்காய் அளவு மட்டும் இலையின் மேற்பகுதியில் வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்காமல் விட்டுவிடுங்கள். எந்த உணவு, எந்த நேரம் என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்கலாம். எவ்வளவு என்பதைப் பிள்ளையின் வயிறு தீர்மானிக்கட்டும். உறவினர் கூடியிருக்கும் இடத்தில் “இவன் ஒன்றும் தின்ன மாட்டான்” என்று பிள்ளையின் காதுபடச் சொல்லவே கூடாது.

இலையில் சாப்பிடத் தெரியாத பிள்ளைகளுக்கு எப்படி விளம்புவது?

சிறிய நுனி இலையாகத் தேர்ந்தெடுத்து, நுனி பிள்ளையின் இடப்பக்கம் வரும்படி போடுங்கள். சோற்றைக் குறைவாக வைத்து நடுவில் குழி செய்து அதில் ஊற்றினால் சாம்பார் இலை முழுதும் ஓடாது. ஒரு கறி மற்றொன்றோடு கலப்பதைப் பல பிள்ளைகள் வெறுப்பதால் இது முக்கியம். ரசத்தையும் பாயசத்தையும் சிறு கிண்ணத்தில் கொடுப்பதில் தவறில்லை. தரையில் சம்மணமிட முடியாதவர்களுக்கு ஒரு பலகையின் மேல் இலையைப் போட்டுக் கொடுக்கலாம்.

சமையலில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். தான் கை வைத்த கறியைப் பிள்ளை ருசி பார்க்காமல் விடுவதில்லை. மூன்று நான்கு வயதினர் கறிவேப்பிலையை உருவலாம், பப்படத்தை எண்ணி அடுக்கலாம். ஆறு ஏழு வயதினர் பயறு உடைக்கலாம், வெந்து ஆறிய மத்தங்காயை மசிக்கலாம், பச்சடிக்குத் தயிர் கடையலாம். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க அவியலுக்குக் காய் நறுக்கலாம். அவியல் காய் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் பெரியவர்களைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார்கள். உப்பேரி பொரிக்கும் எண்ணெய்ச் சட்டியின் பக்கமும், பிரதமன் கொதிக்கும் உருளியின் பக்கமும் எந்த வயதுப் பிள்ளையும் வரக்கூடாது. தரையில் அடுப்பு கூட்டிச் சமைக்கும் வீடுகளில் அந்த இடத்தைப் பெஞ்சு போட்டு மறித்து வையுங்கள்.

கைக்குழந்தைக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் எதைத் தவிர்க்க வேண்டும்?

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர விருந்தில் எதுவும் இல்லை. விரலில் தொட்டுப் பாயசம் நாக்கில் வைக்கும் வழக்கமும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு உப்பும் வெல்லமும் சேர்ப்பதற்கு முன்பே எடுத்து வைத்த பருப்பு, மசித்த மத்தங்காய், மட்டி வாழைப்பழம் ஆகியவை போதும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டிப்பழம், குழந்தைகளுக்குக் கொடுக்கும் பழமாக இங்கே தலைமுறைகளாக நம்பப்பட்டு வருவது. ஒரு வயது நிறையும்வரை தேன் எந்த வடிவிலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கக்கூடும்.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழு முந்திரி, தேங்காய்ப் பல், முழு நிலக்கடலை ஆகியவை மூச்சுக்குழாயை அடைக்கும் ஆபத்து உள்ளவை. பாயசத்துக்கு முந்திரியை வறுத்துப் பொடியாக நறுக்கிச் சேர்த்தால் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். தடித்த உப்பேரியையும் கடினமான சர்க்கரை வரட்டியையும் இவர்களுக்குக் கொடுக்காமல், வெந்த ஏத்தன்பழத் துண்டைக் கொடுங்கள். விருந்துக்கு வரும் பிள்ளைகளில் யாருக்காவது முந்திரியோ பாலோ ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அழைப்பவரின் கடமை. பால் ஆகாத பிள்ளைக்குத் தேங்காய்ப் பாலில் செய்த பிரதமனையே தரலாம். ஆனால் அடையையும் முந்திரியையும் நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெயில் வறுத்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் பிரியாணிதான் வேண்டும் என்கிறார்கள். திருவோணத்தன்று வைக்கலாமா?

கண்ணூர், கோழிக்கோடு பகுதிகளில் ஓண இலையிலேயே மீனும் இறைச்சியும் இடம்பெறும் வீடுகள் உண்டு. தெற்கே, நம் பக்கத்துப் பெரும்பாலான வீடுகளில் திருவோணம் காய்கறி விருந்துதான். பிள்ளைகளிடம் மறுநாள் அவிட்டத்தன்று பிரியாணி என்று உறுதி சொல்லி, அதைத் தவறாமல் நிறைவேற்றுங்கள்.

அளவும் வேலைப் பங்கீடும் எப்படி?

அதே பதினைந்து பேருக்கு, பெரியவர் ஒருவருக்கு 125 கிராம், பிள்ளை ஒருவருக்கு 50 கிராம் என்று ஒன்றரைக் கிலோ அரிசி போதும். பருப்புக்கு 250 கிராம் சிறுபயற்றம்பருப்பு, அவியலுக்கு ஒன்றரைக் கிலோ காய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பப்படத்தை மட்டும் தாராளமாக, நாற்பதுக்குக் குறையாமல் வாங்க வேண்டும்.

உப்பேரி, சர்க்கரை வரட்டி, ஊறுகாய், இஞ்சிக்கறி ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே முடித்துவிடலாம். உத்திராடத்தன்று மாலையில் காய் நறுக்குவது, பயறு ஊறவைப்பது, தேங்காய் உடைத்து வைப்பது, வெல்லப்பாகு காய்ச்சி வடிகட்டுவது ஆகிய வேலைகள் முடிந்திருந்தால், திருவோணத்தன்று காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டு பேர் பதினொன்றரைக்குள் சமையலை முடித்துவிடலாம். தேங்காயைத் துருவி அரைப்பது மட்டும் அன்று காலையில்தான் நடக்க வேண்டும்.

மீந்ததை என்ன செய்வது?

சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். தேங்காய் அரைத்துச் சேர்த்த அவியலும் ஓலனும் நம் ஊரின் ஈரக்காற்றில் மாலைக்குள் புளித்துவிடும் என்பதால், கடைசிப் பந்தி முடிந்ததும் அவற்றைச் சிறு பாத்திரங்களில் மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் சாம்பாரையும் அவியலையும் எரிசேரியையும் ஒன்றாகச் சேர்த்துச் சுண்டக்கறியாக்கும்போது, உள்வரை கொதிக்கும்படி நன்றாகச் சூடாக்குங்கள். பச்சடி, புளிசேரி போன்ற தயிர்க் கறிகளை அதில் சேர்க்காமல் குளிர்ச்சியாகவே சோற்றோடு கொடுத்துவிடலாம். முதல் நாள் அவியலைத் திரும்பிப் பார்க்காத பிள்ளைகளில் சிலர் சுண்டக்கறியைத் தோசைக்குத் தொட்டுக்கொண்டு கேட்டு வாங்கித் தின்பார்கள். ஆகவே காலையில் இரண்டு தோசை கூடுதலாகச் சுடும்படி மாவு அரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.